பத்திரமாகத் திரும்பும் முறை

குண்டுவீச்சு விமானத்தின் கதவிலிருந்து தரைக்கு ஒரு சின்ன ஏணி உண்டு. அதில் இறங்குவது எப்படி என்று யாருக்கும் சொல்லித் தராமலே வான்படை மூன்று வருடத்துக்கு மேல் போர் நடத்திவிட்டது. பறப்பதற்குப் பயிற்சிப் படம் இருந்தது. குண்டு போடுவதற்கு இருந்தது. கடலில் விழுந்தால் ரப்பர் படகை ஊதுவதற்கும், ஊதும்போது பாடுவதற்கு உகந்த பாட்டுகளுக்கும்கூட இருந்தது. இறங்குவதற்கு மட்டும் இல்லை. லண்டனில் பட இயக்ககத்தின் கமிட்டி ஒன்று டீ குடித்துக்கொண்டிருந்தபோது இந்தக் குறையைக் கண்டுபிடித்தது. கண்டுபிடித்த அதிர்ச்சியில் ஒருவர் இரண்டாவது பிஸ்கட்டைத் தின்னாமல் கீழே வைத்துவிட்டார் என்று சொல்வார்கள்.

ஆகவே 1943 வசந்தத்தில் லிங்கன்ஷயரில் ஸ்காத்தோர்ப் ஃபென் என்ற விமானதளத்துக்கு இரண்டு லாரிகளில் கேமராவும் விளக்கும் வந்து இறங்கின. கூடவே ஸ்க்வாட்ரன் லீடர் லவ்டே வந்தார். போருக்கு முன்பு அவர் பிஸ்கட் விளம்பரப் படங்கள் எடுத்தவர். பிஸ்கட் வைத்த இடத்தில் நிற்கும், வாயைத் திறக்காது. மனிதர்களிடம் அவருக்குப் பொறுமை குறைந்து போனதற்கு அதுதான் காரணம்.

எடுக்கப்போகிற படத்துக்கு ‘பத்திரமாகத் திரும்பும் முறை’ என்று பெயர். நடிப்பதற்கு பைலட் ஆம்ப்ளரின் குழுவைத் தேர்ந்தெடுத்தார்கள். வேறொன்றுமில்லை, அவர்கள் விமானம் நின்ற இடத்தில் வெயில் நன்றாக விழுந்தது. குழுவில் ஏழு பேர். அதில் வயர்லெஸ்காரன் சார்ஜன்ட் வில்ஃப் டாஸ்கர். நாட்டிங்ஹாமில் ஒரு சைக்கிள் கடையில் வேலை பார்த்தவன், சொன்னதைச் செய்கிற சுபாவம். விமானத்தின் வாலில் கண்ணாடிக் கூண்டுக்குள் தனியாக உட்கார்ந்து பின்னால் வரும் எதிரியைச் சுடுகிறவன் சிரில் ட்ரூரி; கிரிம்ஸ்பி மீன் துறைமுகத்துப் பையன், சொன்னதைச் செய்யாத சுபாவம். இருவருக்கும் நல்ல சினேகம்.

“முதல்ல திரும்பி வர்றதை எடுத்துடலாம்” என்றார் லவ்டே. “வெயில் பிரமாதமா இருக்கு. புறப்படறதை எப்ப வேணா எடுத்துக்கலாம்.”

“நாங்க இன்னும் போகவே இல்லையே சார்” என்றான் வில்ஃப்.

“சினிமாவுக்கு வரிசை கிடையாது சார்ஜன்ட். முதல்ல வந்துட்டு அப்புறம் போகலாம். வெட்டி ஒட்டற மேஜையில எல்லாம் சரியாயிடும்.”

வில்ஃபுக்கு அது மனதில் ஒட்டவில்லை. இருந்தாலும் அதிகாரி சொல்கிறார், சரியாகிவிடும் போலிருக்கிறது என்று விட்டுவிட்டான்.

இறங்கும் விதிகளை லவ்டே படித்துக் காட்டினார். இரண்டு கையாலும் கம்பியைப் பிடிக்க வேண்டும். எல்லாப் படியையும் மிதிக்க வேண்டும். போன காரியத்தைப் பற்றி மேலதிகாரியிடம் அறிக்கை சொல்லும்வரை சிரிக்கக் கூடாது. முக்கியமாக, கேமராவைப் பார்க்கவே கூடாது. “கேமரா இங்க இல்லைன்னு நினைச்சுக்கணும். நினைச்சுக்கறதென்ன, இல்லைன்னே வெச்சுக்குங்க.”

சிரில் வில்ஃபின் காதில் சொன்னான்: “சினிமாவுல வரப்போறேன்னு எங்கம்மாகிட்ட சொல்லிட்டேன்டா. வெள்ளிக்கிழமை தவறாம கொட்டகைக்குப் போறவ. அவ என்னைப் பாக்கறப்ப நான் எங்கேயோ பாத்துட்டிருந்தா நல்லாவா இருக்கும்?”

கிளாப் பலகை தட்டினார்கள். ஆறு பேர் தேவாலயத்தில் நடப்பவர்கள் போல இறங்கினார்கள். ஏழாவதாக சிரில் வந்தான். கடுகு நிற மஃப்ளர் பறக்க, கடைசிப் படியைத் தாண்டித் தரையில் குதித்தான். நேராகக் கேமராவைப் பார்த்து, வாயெல்லாம் பல்லாக ஏதோ சொல்லிக்கொண்டே கையை ஆட்டினான்.

“நிறுத்து” என்றார் லவ்டே. “யாருக்குக் கை ஆட்டறே?”

“எங்கம்மாவுக்கு சார்.”

“உங்கம்மா இங்க இல்லையே.”

“கேமராவும் இல்லைன்னீங்களே சார்.”

மறுபடி எடுக்க ஏற்பாடு செய்தார்கள். அதற்குள் டீ வண்டி வந்தது. டீ முடிவதற்குள் மேகம் வந்தது. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று மூட்டை கட்டினார்கள். எடுத்த காட்சியில் எது எங்கே இருந்தது என்று குறித்துவைக்கும் வேலை கார்ப்பரல் எனிட் கார்பட் என்ற பெண்ணுடையது. அவள் எழுதிக்கொண்டாள்: மஃப்ளர், முடிச்சு இடப்பக்கம். கடைசிப் படி தாண்டல். கை ஆட்டல். உபயோகமில்லை.

அன்று சாயங்காலம் அவர்கள் கேமரா இல்லாமல் நிஜமாகவே புறப்பட்டார்கள். ஜெர்மனியில் ரூர் பக்கம் குண்டு போட்டுவிட்டுத் திரும்பியபோது விமானத்தின் வாலில் கண்ணாடிக் கூண்டு இருந்த இடத்தில் காற்று இருந்தது. ஆறு பேர் இறங்கினார்கள். யார் எந்தப் படியை மிதித்தார்கள் என்று யாரும் பார்க்கவில்லை.

உணவுக்கூடத்தில் சமையல்காரி பழக்க தோஷத்தில் ஏழு முட்டை பொரித்திருந்தாள். ஏழாவதை ஆம்ப்ளர் வில்ஃபின் தட்டில் தள்ளினான். வில்ஃப் அதைத் தின்றான். அழுகை வரும் என்று எதிர்பார்த்தான். முட்டைதான் தீர்ந்தது. அதற்கப்புறம் பல நாள் அவனுக்கு எதுவும் வரவில்லை. பசி வந்தால் சாப்பிட்டான், கூப்பிட்டால் போனான். உள்ளே யாரோ விளக்கை அணைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போன மாதிரி இருந்தது.

தட்டு எடுப்பதற்குள் லவ்டே வந்து தொப்பியைக் கழற்றினார். “ரொம்ப வருத்தமா இருக்கு. நல்ல பையன். உயரம்கூடப் பொருத்தமா இருந்துது.” தொப்பியை மறுபடி வைத்துக்கொண்டார். “இதுல ஒரு சிக்கல் பாருங்க. படத்துல அவன் திரும்பி வந்துட்டான். ஆனா இன்னும் புறப்படலை.”

ஆறு பேரும் அவரைப் பார்த்தார்கள்.

“வந்தவன் போயே ஆகணும். இல்லேன்னா கதை நிக்காது” என்றார் லவ்டே.

சிரிலின் இடத்துக்குப் புதிதாக ஒரு கன்னர் வந்திருந்தான். அவனை முதலில் நிறுத்திப் பார்த்தார்கள். முகத்தில் கன்னர் களை இல்லை என்று லவ்டே தள்ளிவிட்டார். அவனை நிஜ விமானத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டு, படத்துக்கு லண்டன் நாடக மேடையிலிருந்து டென்சில் கேரூ என்பவரை வரவழைத்தார்கள். நெஞ்சில் ஏதோ சத்தம் கேட்கிறது என்று ராணுவத்தில் எடுக்காமல் விட்ட மனிதர். மற்றபடி நல்ல குரல், நல்ல தாடை. அவருக்கு ஒரு சீருடையும், அதே நிறத்தில் ஒரு மஃப்ளரும் கொடுத்தார்கள். முடிச்சை இடப்பக்கம் எனிட் போட்டாள். போடும்போது வில்ஃபின் பக்கம் பார்க்கவில்லை.

கேரூ தொழிலில் பக்தி உள்ளவர். வில்ஃபைத் தனியாக அழைத்துக்கொண்டு போனார். “தம்பி, அந்தக் கூண்டுல உக்காந்திருக்கறவன் மனசுல என்ன ஓடும்?”

“குளிரும்.”

“சரி, அதுக்கும் அடியில?”

“அடியில குண்டுப் பெட்டி இருக்கும் சார்.”

கேரூ கண்ணை மூடிக்கொண்டு அதை உள்ளே வாங்கிக்கொண்டார். காலையிலிருந்து வெயில் சாயும்வரை அவர்கள் புறப்பட்டார்கள். புறப்பட்டார்கள், புறப்பட்டார்கள், ஒரு தடவையும் போகவில்லை. ஒவ்வொரு முறையும் கேரூ ஏணியில் ஏறுமுன் அடிவானத்தை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வைக்கு லவ்டே கைக்குட்டையை எடுத்தார்.

சிரிலின் அம்மா வந்தது அடுத்த வாரம். கிரிம்ஸ்பியில் வலை பின்னுகிற கொட்டகையில் வேலை செய்கிறவள். பஸ் பிடித்து வந்திருந்தாள். அவன் உடைமைகளையெல்லாம் அலுவலகம் கட்டி அனுப்பிவிட்டது. சைக்கிளைக் கட்டி அனுப்ப வழி தெரியாததால் நேரில் வந்து எடுத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். வில்ஃப் அதற்கு எண்ணெய் போட்டு, சங்கிலியை இறுக்கி வைத்திருந்தான்.

அவள் சைக்கிளின் மணியை ஒரு தடவை அடித்துப் பார்த்தாள். “தம்பி, சினிமாவுல வரேன்னு சொன்னானே. அது எங்க ஊர்க் கொட்டகைக்கு எப்ப வரும்?”

வில்ஃபுக்குத் தெரியவில்லை. தெரியாததைத் தெரிந்தவரிடம் கேட்கலாம் என்று, அவளை லவ்டேயின் அறைக்கு அழைத்துப் போனான். அங்கே அன்றைக்கென்று பட இயக்ககத்தின் தலைவர் ஏர் கமடோர் பிரைட்லிங் லண்டனிலிருந்து வந்து உட்கார்ந்திருந்தார். பெரிய மனுஷர். எழுந்து நின்று அவளுக்கு நாற்காலி போட்டார், டீ வரவழைத்தார். அந்த நாட்டில் ஒருவரிடம் இல்லை என்று சொல்வதற்கு முன் டீ கொடுப்பார்கள்.

“இது பயிற்சிப் படம் அம்மா. ரகசியம். பொதுமக்களுக்குக் காட்ட முடியாது” என்றார் பிரைட்லிங்.

“ஏணியில இறங்கறதுதானேங்க ஐயா?”

“அதேதான். பத்திரமா திரும்பி வர்ற வழி எதிரிக்குத் தெரிஞ்சிடக் கூடாது பாருங்க. தெரிஞ்சா அவங்களும் பத்திரமா திரும்ப ஆரம்பிச்சுடுவாங்க.”

“நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்.”

“நீங்க சொல்ல மாட்டீங்க. ஆனா ஒரு தாய்க்குன்னு விதியைத் தளர்த்தினா, நாளைக்கு எல்லாத் தாயும் வந்து நிப்பாங்க. இப்ப இருக்கற நிலைமையில அது பெரிய கூட்டமாயிடும்.”

வில்ஃப் தொண்டையைக் கனைத்தான். “சார், அந்தக் காட்சி உபயோகமில்லைன்னு எழுதியிருக்காங்க. அந்தத் துண்டை மட்டும் வெட்டிக் கொடுத்தா...”

“அதைப் பத்தித்தான் பேசிட்டிருந்தோம்” என்று லவ்டே முந்திக்கொண்டார். “போறது கேரூ, வர்றது ட்ரூரின்னு இருந்தா, ஜெர்மனிக்கு மேல ஆள் மாறிட்டதா பாக்கறவங்க நினைப்பாங்க. அதனால வர்றதையும் கேரூவை வெச்சே எடுக்கப்போறோம்.”

“ஆனாலும் உங்க பையன் வீணாகலை” என்றார் பிரைட்லிங் அவள் பக்கம் குனிந்து. “பயிற்சிப் படம்னா சரியான முறையைக் காட்டினா மட்டும் போதாது. தப்பான முறையையும் காட்டணும். ‘தவறுகள்’னு ஒரு பகுதி வெக்கறோம். தப்பு செஞ்சு காட்ட ஒரு நடிகரைப் பிடிக்கணும்னா செலவு. உங்க பையன் எல்லாத் தப்பையும் ஒரே தடவையில, ஒரு பைசா வாங்காம செஞ்சு கொடுத்துட்டுப் போயிருக்கான். தேசம் மறக்காது.”

அவளுக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது. பெரிய இடத்தில் பையனைப் பற்றி நல்லபடியாகப் பேசுகிறார்கள் என்ற அளவில் எடுத்துக்கொண்டாள். “ரொம்ப நன்றிங்க ஐயா” என்றாள். வெளியே வந்து சைக்கிளைத் தள்ளிக்கொண்டே பஸ் நிறுத்தம்வரை நடந்தாள். வில்ஃபும் கூட நடந்தான். ஏதாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது. ஒன்றும் வரவில்லை. பஸ்காரன் சைக்கிளை ஏற்ற மாட்டேன் என்று தகராறு செய்தபோதுதான் பேச வாய் வந்தது.

படம் முடிந்து எல்லா விமானதளத்துக்கும் போயிற்று. ஸ்காத்தோர்ப் ஃபென்னில் புதன்கிழமை மத்தியானம் பயிற்சிக் கொட்டகையில் காட்டினார்கள். பார்ப்பது கட்டாயம். படம் முடிந்ததும் பரீட்சை. பரீட்சையில் தேறாதவர் அடுத்த புதன்கிழமை மறுபடி பார்க்க வேண்டும். தேறும்வரை பறக்கக் கூடாது. திரும்பி வரத் தெரியாதவனை அனுப்பினால் விமானம் வீணாகும் என்பது பிரைட்லிங்கின் வாதம்.

கேரூ கம்பீரமாகப் போனார், கம்பீரமாக வந்தார். பிறகு ‘தவறுகள்’ என்று எழுத்து விழுந்தது. சிரில் ஏணி மேல் நின்றான். இறங்கினான், குதித்தான், சிரித்தான், கை ஆட்டினான். அவன் உதடு அசைந்தது. அதன் மேல் கனமான ஒரு குரல் பேசியது: “இவர் செய்த தவறுகளைக் கவனித்தீர்களா? இவர் இன்னும் நிறையக் கற்றுக்கொள்ள வேண்டும்.”

கொட்டகையில் சிரிப்பு எழுந்தது. சிரிப்பதற்காகத்தான் அந்தப் பகுதியை வைத்திருந்தார்கள். வில்ஃபுக்குச் சிரிப்பும் வரவில்லை, துக்கமும் வரவில்லை. தன் வலது கை முழங்காலைவிட்டு மேலே எழுந்திருப்பதை மட்டும் பார்த்தான். அதை இறக்கிவைத்தான்.

பரீட்சைத் தாளில் ஒரு கேள்வி: இவர் செய்த தவறுகள் யாவை? வில்ஃப் ‘ஒன்றும் இல்லை’ என்று எழுதினான். தேறவில்லை. அடுத்த புதன்கிழமை மறுபடி பார்த்தான், மறுபடி அதையே எழுதினான்.

சாவுக்குப் பயந்து செய்தான் என்று பின்னால் சிலர் பேசினார்கள். பயப்படுவதற்கும் உள்ளே கொஞ்சம் சரக்கு வேண்டும். அந்தச் சமயத்தில் அவனிடம் அது இல்லை.

ஆம்ப்ளர் அவனை விமானத்தடியில் பிடித்தான். “டேய், என்னடா எழுதறே நீ?”

“ஒண்ணும் தப்பில்லைன்னு.”

“வயர்லெஸ் ஆள் இல்லாம நான் எப்படிடா கிளம்பறது?”

“தெரியும்.”

“தெரிஞ்சுட்டு?”

“புதன்கிழமை அவனைப் பாக்கணும்.”

ஆம்ப்ளர் பைப்பை எடுத்தான், பற்றவைக்காமல் திரும்பப் பையில் போட்டுக்கொண்டான். அந்தப் புதன்கிழமை அவனும் மறுபடி பரீட்சைக்கு உட்கார்ந்து ‘ஒன்றும் இல்லை’ என்று எழுதினான். பிறகு குழுவில் மற்றவர்கள், பிறகு பக்கத்துக் குழு. யாரும் யாரிடமும் பேசிவைத்துக்கொள்ளவில்லை. ஆள் ஆளாகப் பரவி, கடைசியில் தளம் முழுக்கத் தேறாதவர்கள் ஆனார்கள். விமானங்கள் வரிசையாக நின்றன, மேலே காக்கை உட்கார்ந்தது. புதன்கிழமை கொட்டகையில் நிற்க இடமில்லை. சிரிப்பது எப்போதோ நின்றுபோயிருந்தது. சிரில் திரையிலிருந்து கை ஆட்டினால் கீழேயிருந்து பாதிப் பேர் கை ஆட்டினார்கள்.

அந்த ரகசியக் காட்சிக்கு அனுமதிச் சீட்டு இல்லாமல் யாரும் நுழைய முடியாது. டீ நுழையலாம். டீயைத் தடுக்கும் அதிகாரம் இங்கிலாந்தில் எவருக்கும் கிடையாது, வாசலில் துப்பாக்கியோடு நின்றவனுக்கும் சேர்த்துத்தான். இதை வில்ஃப் யோசித்து வைத்திருந்தான். எனிட் ஒரு வெள்ளை ஏப்ரன் கொண்டுவந்தாள். ஒரு புதன்கிழமை டீ வண்டியைத் தள்ளிக்கொண்டு சிரிலின் அம்மா திருமதி ட்ரூரி உள்ளே வந்தாள். வாசல்காரன் கதவைப் பிடித்துக்கொண்டு வழிவிட்டான். அவன் டீயில் இரண்டு கரண்டி சர்க்கரை போட்டாள்.

கேரூ போய் வரும்வரை அவள் கோப்பைகளில் ஊற்றிக்கொண்டே இருந்தாள். சிரில் ஏணியில் தெரிந்ததும் டீப் பாத்திரத்தின் குழாயை மூடிவிட்டு நிமிர்ந்தாள். அவன் குதித்தான். அவளைப் பார்த்துக் கை ஆட்டினான். உதட்டில் என்ன வந்ததென்று அவளுக்குப் படிக்கத் தெரிந்தது போல, தலையை ஆட்டினாள்.

“இவர் இன்னும் நிறையக் கற்றுக்கொள்ள வேண்டும்” என்றது குரல்.

“ஆமாங்க” என்றாள் அவள் திரையைப் பார்த்து, சாதாரணமாக. “சொன்னா கேக்க மாட்டான். கடைசிப் படியைத் தாண்டாதேடான்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன். வீட்டு மாடிப்படியில ஒரு பல்லையே உடைச்சுக்கிட்டான்.”

விளக்குப் போட்டார்கள். அவள் மறுபடி குழாயைத் திறந்து, வரிசையில் அடுத்தவனுக்கு ஊற்றினாள்.

தளமே தேறவில்லை என்ற செய்தி லண்டனுக்குப் போய், பிரைட்லிங் காரில் வந்தார். எல்லோரையும் கூட்டி நிறுத்திப் பேசினார். கோபிக்கவில்லை. அவர் கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை.

“உங்க மனசாட்சியை நான் மதிக்கறேன். திரும்பி வரத் தகுதியில்லைன்னு நீங்களே ஒத்துக்கிட்டிருக்கீங்க. ஆனா உத்தரவை நிதானமாப் படிக்கணும். தேறாதவங்க திரும்பி வரத் தகுதியில்லாதவங்க. போகத் தகுதியில்லைன்னு எந்தக் கமிட்டியும் சொல்லலை. போறது ஒரு பாடம், வர்றது வேற பாடம். வான்படை உங்களைச் சேர்த்துக்கிட்டது போறதுக்கு. வர்றது உங்க தனிப்பட்ட விருப்பம். அதுக்கு நாங்க குறுக்க நிக்கலை. நிக்கறதென்ன, ஊக்கமே கொடுக்கறோம். அதுக்காகத்தானே இத்தனை செலவு பண்ணிப் படம் எடுத்தோம்? ஆகையால இன்னிக்கு சாயங்காலத்துலேர்ந்து எல்லாரும் போகலாம். வர்றதுக்கான பரீட்சை போர் முடிஞ்சப்புறம் வெச்சுக்கலாம்.”

பழக்கத்தில் யாரோ கை தட்டினார்கள். அன்று சாயங்காலமே போனார்கள். புதிதாக வந்த கன்னர் உட்பட எல்லோருமாக ஆம்ப்ளரின் விமானம் திரும்பி வந்தது. வராத விமானங்களும் இருந்தன. அவற்றில் போனவர்களுக்குப் பரீட்சை எழுத வேண்டிய தொல்லை விட்டது.

‘தவறுகள்’ பகுதி சிப்பாய்களிடம் அளவுக்கு மீறிப் பிரபலமாகிவிட்டது என்று அதை வெட்டி எடுத்துவிட உத்தரவாயிற்று. வெட்டிய படச்சுருளெல்லாம் என்ன ஆகும் என்று வில்ஃப் எனிட்டிடம் கேட்டான்.

“கழுவிடுவாங்க” என்றாள் எனிட். “கழுவினா அதுல இருக்கற வெள்ளி தனியா வரும். மிச்சத்தைக் கரைச்சு வார்னிஷ் பண்ணி விமானத்துக்குப் பூசுவாங்க. நான் ஒரு துண்டு கேட்டேன் வில்ஃப். எடை போட்டு வாங்கறாங்க, கொடுக்க மாட்டேன்னுட்டாங்க.”

“எந்த விமானத்துக்குப் பூசுவாங்க?”

“அதை மட்டும் யாரும் எழுதி வெக்கறதில்லை.”

வில்ஃப் தலையாட்டினான். அதற்கப்புறம் புதிதாக வார்னிஷ் பூசிய விமானம் எது நின்றாலும் கொஞ்சம் கிட்டப் போய் நின்றுவிட்டு வந்தான்.

இதற்கிடையில் பட இயக்ககத்துக்கு வேறொரு தலைவலி. அந்தப் படத்தை ஏற்கெனவே நாடு முழுக்கக் காட்டிவிட்டார்கள். பார்த்தவர்களுக்கு அதில் நினைவில் நின்றது ஒரே ஒரு காட்சி. எந்தத் தளத்துக்குப் போய்ப் பார்த்தாலும் திரும்பி வருகிறவர்கள் கடைசிப் படியைத் தாண்டிக் குதித்தார்கள், எதிரில் யாராவது நின்றால் கை ஆட்டினார்கள். சிரில் ட்ரூரி யார் என்று அவர்களுக்குத் தெரியாது. கமிட்டி கூடி விசாரித்தது. இது வான்படையின் தொன்றுதொட்ட மரபாக இருக்க வேண்டும் என்று முடிவு செய்து, தடுக்க முடியாததை விதியாக்கிவிட்டது. வலது கை, முழங்கை தோளுக்குக் கீழே, மூன்று முறை. பார்வை எந்தத் தனி நபர் மீதும் விழாமல் பொதுவாக இருக்க வேண்டும். செய்யாதவர் பெயரைக் குறித்துக்கொள்வார்கள். சரியான முறையைக் காட்ட கேரூவை வைத்து மறுபடி படம் எடுத்தார்கள்.

விதி வந்த நாளிலிருந்து வில்ஃப் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கடைசிப் படியையும் மிதித்து இறங்கினான். அவன் பெயரைக் குறித்துக்கொண்டார்கள்.

தான் பறக்க வேண்டிய தடவைகளையெல்லாம் முடித்து அவன் உயிரோடு வெளியே வந்தான். எப்படி என்று கேட்டால் அவனால் சொல்ல முடியாது. விடுப்பு கிடைத்ததும் கிரிம்ஸ்பிக்குப் போய், திருமதி ட்ரூரியின் வீட்டில் அந்தச் சைக்கிளுக்குப் புது பிரேக் கட்டை மாட்டிக் கொடுத்தான். அன்று வெள்ளிக்கிழமை. “வா தம்பி, கொட்டகைக்குப் போகலாம்” என்றாள். பொட்டலத்தில் வறுத்த மீனும் உருளைக்கிழங்கும் வாங்கிக்கொண்டு போனார்கள்.

முதலில் செய்திப்படம். ‘வீரர்கள் திரும்புகிறார்கள்: போர்முனையிலிருந்து நேரடி உண்மைப் பதிவு’ என்று எழுத்து ஓடியது. விமானம் நின்றது, ஏணி வந்தது. கடுகு மஃப்ளரில் கேரூ இறங்கினார். அளவாக ஒரு குதி குதித்தார். தாடையைத் தூக்கி, எங்கேயோ பார்த்து, மூன்று முறை கை ஆட்டினார். கொட்டகை முழுக்கக் கைதட்டல்.

“யாரு தம்பி இவன்?”

“கேரூன்னு ஒரு நடிகர்மா.”

அவள் உற்றுப் பார்த்தாள். “குதிக்கத் தெரியலை இவனுக்கு. கையை யாருக்கு ஆட்டறான்?”

“யாருக்கும் இல்லம்மா. அப்படித்தான் விதி.”

“யாருக்கும் இல்லையா?” அவளுக்கு அது பொறுக்கவில்லை. மடியிலிருந்த பொட்டலத்தை வில்ஃபிடம் கொடுத்தாள். “அவனையும் எவளாவது பெத்திருப்பா இல்ல. அப்படியே விடறதா?” என்று சொல்லி, கையை நன்றாக உயர்த்தி, திரையிலிருந்த கேரூவுக்குப் பதிலுக்கு ஆட்டினாள். அந்தக் காட்சி மறையும்வரை ஆட்டினாள்.

பொட்டலத்தைப் பிடித்துக்கொண்டிருந்த வில்ஃபுக்கு அப்போது வந்தது. முட்டை தின்ற அன்று வராதது, திரையில் சிரிலைப் பார்த்தபோதெல்லாம் வராதது, மொத்தமாக வந்தது. அடுத்த படம் நகைச்சுவை. கொட்டகையே விழுந்து விழுந்து சிரித்ததால் யாரும் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. அழுவதற்குப் பட இயக்ககம் இன்னும் படம் எடுத்திருக்கவில்லை. அவன் தனக்குத் தெரிந்தபடி அழுதான்.